கருப்பையன் ஐயாவோட மோட்டார் ஃபோன்

கருப்பையன் ஐயாவ எனக்கு மொத்தமே ஆறு நாள்தான் தெரியும். ஆனா அந்த ஆறு நாள்ல ஒரு வியாழக்கிழமை இருக்கு பாருங்க, அத யாருகிட்டயாவது சொல்லியே ஆகணும். மறந்து போறதுக்குள்ள எழுதிடணும்னு கடகடன்னு தட்டிக்கிட்டிருக்கேன். முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

ஐயாவுக்கு ஊரு நெடுங்காட்டுக்கு உள்ள தள்ளி ஒரு கிராமம். வயசு அம்பத்தெட்டு. ஆறு மா நெலம், ரெண்டு ஏக்கர் வரும், அதுல ஒரு போர், போர்ல ஒரு மோட்டார். வீடு கட்டுனதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு, போர் போட்டத மட்டும் கேட்காமலே சொல்வாரு. எத்தனையாவது அடியில மணல் வந்துச்சு, எத்தனையாவது அடியில தண்ணி இனிச்சுது, எல்லாம் மனப்பாடம். வீட்டம்மா பேரு அஞ்சுகம். ஒரே பொண்ணு தமிழ்மொழி, காரைக்கால்ல ஒரு ஜவுளிக்கடையில பில் போடுறா.

இதுல அந்த மோட்டாரப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா எல்லாமே அதுலதான் ஆரம்பிச்சுது.

வயல்ல மோட்டார் கொட்டாய்ல ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும்ல, அதுக்குள்ள ஒரு சிம் கார்டு போட்டுக் குடுக்குறாங்க. நம்ம ஃபோன்ல இருந்து அந்த நம்பரக் கூப்பிட்டு பட்டன அமுக்குனா மோட்டார் ஓடும், இன்னொரு பட்டன அமுக்குனா நிக்கும். கரண்டு வந்தா, போனா, அதுவே நமக்குக் கூப்பிட்டுச் சொல்லும். ஒரு பொம்பளக் குரல், நியூஸ் வாசிக்கிற மாதிரி: "வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது." அதுல எந்த நம்பரப் பதிஞ்சிருக்கோ அந்த நம்பர்ல இருந்து சொன்னாத்தான் கேக்கும். ஐயா தன்னோட பட்டன் ஃபோன் நம்பர மட்டும்தான் பதிஞ்சு வச்சிருந்தாரு. "அஞ்சுகத்தம்மா நம்பரையும் போட்டிருக்கலாமே?"ன்னு நான் கேட்டேன். "அதுக்கு எதுக்கு அதெல்லாம்"னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

புருஷன் பொண்டாட்டிக்குள்ள அஞ்சு வருஷமா ஒரு பழக்கம். கொட்டாய்ல இருந்து போருக்குப் போற ஒயரு வரப்போரமாவே தரையில கெடக்கும். எலி கடிக்கும், மழை ஊறும், ஜாயிண்ட் கருகும். அஞ்சுகத்தம்மா வயல்ல நின்னுக்கிட்டு ஃபோன் போடும்: "நிறுத்து." டீக்கடையில இருக்கிற ஐயா பட்டன அமுக்கிட்டு, "நிறுத்திட்டேன், தொடு"ம்பாரு. அந்தம்மா தொடும். உரிச்சு, முறுக்கி, டேப் சுத்தும். மெயின் சுவிட்சு கொட்டாய்ல இருக்கு, அதுக்கு நாலு வயல் சேத்துல நடக்கணும். யாரு நடக்குறது? ஃபோன்ல நிறுத்துனா நிறுத்துனதுதான்னு ஆயிப்போச்சு. அவங்க மட்டும் இல்ல, அந்தப் பக்கம் நெறைய பேரு இப்படித்தான் பண்றாங்களாம். எனக்கு இது தெரியவே தெரியாது. கேட்டதுல இருந்து வரப்போரமா ஒயரப் பாத்தாலே தள்ளித்தான் நடக்குறேன்.

திங்கக்கிழமை காலைல நாத்தங்கால்ல நின்னுக்கிட்டிருக்கும்போதே ஐயாவுக்கு நெஞ்சு அடைச்சு, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. காரைக்கால்ல ஒரு ஆஸ்பத்திரியில, இதய வார்டுல சேர்த்தாங்க. நெஞ்சு துடிப்பு ரொம்பக் கம்மியா இருந்துச்சாம். தொடை வழியா ஒரு மெல்லிசான ஒயர நெஞ்சு வரைக்கும் விட்டு, அதக் கட்டிலோரமா ஒரு சின்னப் பெட்டியில மாட்டியிருந்தாங்க. அந்தப் பெட்டிதான் அவரு நெஞ்ச அடிக்க வச்சுக்கிட்டிருந்துச்சு. சனிக்கிழமை உள்ளயே நிரந்தரமா ஒண்ணு வைக்கிறதா இருந்தாங்க. அதுவரைக்கும் அந்தக் கால மடக்கக் கூடாது, எந்திரிக்கக் கூடாது. ஒயரு நகந்தா பெட்டி வேலை செய்யாது. பெட்டி வேலை செய்யலைன்னா... சரி, அத எழுத வேணாம்.

அதே இதய வார்டுல பக்கத்துக் கட்டில்ல இருந்தது எங்க சஃபியுல்லா சாச்சா, வாப்பாவோட தம்பி. திருமலைராயன்பட்டினத்துல பாத்திரக்கடை, அதுக்கு முன்னாடி இருபது வருஷம் துபாய். எப்பவும் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கிட்டே இருக்கணும் அவருக்கு. அவருக்குத் துணையா நான் வெளிய பெஞ்சுல. உள்ள நடந்ததுல பாதி சாச்சா சொன்னது, மீதி கதவு வழியா நானே கண்ணால பாத்தது.

சேர்ந்த அன்னைக்கே ரெண்டு பேரும் சேக்காளி ஆயிட்டாங்க.

"உமக்கும் ஸ்டார்ட்டர் மாட்டிட்டாங்க போலருக்கே"ன்னு சாச்சா அந்தப் பெட்டியக் காட்டிச் சொல்ல, ஐயாவுக்குச் சிரிப்பு தாங்கல.

"சிரிக்க வைக்காதீங்க பாய், ஒயரு அறுந்துரும்."

இதய வார்டுல ஃபோன் கூடாது. வாசல்லயே எழுதிப் போட்டிருக்கு. உள்ள வந்தவுடனே சஜிதா சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் கவர்ல ஃபோனப் போட்டு, கட்டில் நம்பர எழுதி டிராயர்ல வச்சிருவாங்க. சின்னப் பொண்ணுதான், இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஆனா அவங்க நடந்து வந்தாலே வார்டு அமைதியாயிடும். கருப்பையன் ஐயா என்ன பண்ணாருன்னா, டார்ச்சு, எக்ஸ்ட்ரா பேட்டரி எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டு, ஃபோன மட்டும் குடுக்கல. ரொட்டிப் பாக்கெட்டுக்குள்ள வச்சுட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலமே ரொட்டிப் பாக்கெட் பேசுச்சு. "வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது."

"யாருய்யா அந்தப் பொம்பள?"ன்னாரு சாச்சா.

"நம்ம மோட்டாரு பாய்."

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

சஜிதா சிஸ்டர் வந்து பாக்கெட்டோட எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஐயா கெஞ்சிக் கூத்தாடி, பொண்ண விட்டுச் சொல்லச் சொல்லி, "சாயங்காலம் ஒரே ஒரு வாட்டி, வெளிய எம்பொண்ணு கையில குடுங்க"ன்னு வாங்கி, தமிழ்மொழிய ஏமாத்தி மறுபடியும் தலகாணிக்கு அடியில கொண்டாந்துட்டாரு. செவ்வாக்கிழமை ராத்திரி முழுக்க அது தலகாணிக்கு அடியில இருந்துச்சு. புதன்கிழமை மத்தியானம் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்து, ஐயா நாடியப் பாத்துக்கிட்டு நிக்கும்போது தலகாணி சொல்லுச்சு: "மின்சாரம் நிறுத்தப்பட்டது."

சாச்சா சொல்றாரு, டாக்டர் ஒரு நிமிஷம் பெட்டியப் பாத்தாங்களாம், அப்புறம் மானிட்டரப் பாத்தாங்களாம், அப்புறம்தான் தலகாணியப் பாத்தாங்களாம். முகமே வெளுத்துப்போச்சாம்.

சஜிதா சிஸ்டருக்கு வந்துச்சே கோபம். "ஐயா, இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல ஃபோன் வைக்கக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்றது? உங்களுக்கு உசுரு முக்கியமா மோட்டார் முக்கியமா?"

"ரெண்டும்தாம்மா."

"குடுங்க இப்படி."

"ஒரே ஒரு நிமிஷம் தாயி. ஒரு பட்டன் அமுக்கிட்டுக் குடுத்துர்றேன்."

வெளிய தள்ளி நின்னு அமுக்குறதுக்கு அவரால எந்திரிக்க முடியாது. சிஸ்டர் வேணாம்னு சொல்றதுக்குள்ள பட்டன அமுக்கியும் முடிச்சுட்டாரு. ரெண்டு மூணு தட்டு. அப்புறம் நல்ல பிள்ளை மாதிரி ஃபோன நீட்டுனாரு. சிஸ்டர் அத அணைச்சு, கவர்ல போட்டு, டிராயரப் பூட்டி, சாவியத் தன் பாக்கெட்ல போட்டுக்கிட்டாங்க. இனிமே யாரு வந்து கேட்டாலும் கிடையாதுன்னு நோட்டுலயும் எழுதி வச்சாங்க.

அவரு அமுக்குனது என்ன தெரியுமா? அந்த ஸ்டார்ட்டர்ல ஆட்டோன்னு ஒண்ணு இருக்கு. ஆட்டோல போட்டுட்டா யாரும் கூப்பிட வேணாம், கரண்டு வந்த உடனே மோட்டார் தானாவே ஓட ஆரம்பிச்சுரும். ஃபோன் போகப்போகுது, நாத்தங்காலு காஞ்சுரக் கூடாது, ஆத்துத் தண்ணி கடைமடைக்கு இன்னும் எட்டிப் பாக்கல. அதனால ஆட்டோல போட்டுட்டாரு. பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணிட்டதா நெனச்சுக்கிட்டு அன்னைக்கு நல்லாத் தூங்குனாராம்.

அஞ்சுகத்தம்மாகிட்ட மட்டும் சொல்லல.

வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்குப் பாக்குற நேரம். பத்து நிமிஷம்தான் விடுவாங்க, கட்டிலுக்கு ஒரு ஆளு. தமிழ்மொழி கஞ்சி எடுத்துக்கிட்டு உள்ள போனா. நான் சாச்சாவுக்குக் கால் பிடிச்சு விட்டுக்கிட்டிருந்தேன், அதனால இந்தப் பேச்சு முழுசும் என் காதுல விழுந்துச்சு.

"அம்மா எங்க?"

"வயல்ல. நேத்து காலைலயே மோட்டார் தண்ணி இறைக்கலயாம். ஜாயிண்ட் கருகிப் போச்சாம்."

"எந்த ஜாயிண்ட்?"

"எனக்கு என்ன தெரியும்? அந்தப் பூவரச மரத்துக்கிட்ட இருக்காமே, அது. ஆட்ட அவுத்துக் கட்டிட்டு ஒரு மணிக்கா போயி நானே டேப் சுத்திர்றேன்னு சொல்லிச்சு. நீ ஒண்ணும் கவலப்படாத, கஞ்சியக் குடி."

"கரண்டு?"

"லைன்ல ஏதோ வேலையாம், காலைல இருந்தே கரண்டு இல்ல. ரெண்டு மணிக்குத்தான் வரும்னு சொன்னாங்களாம். வந்தாத்தான் என்ன, உன் ஃபோன்தான் டிராயர்ல தூங்குதே, மோட்டார் எப்படி ஓடும்னு அம்மாவே சொல்லிச்சு. ரெண்டு பூட்டு போட்ட மாதிரின்னு."

ஐயா ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாரு. நேரம் ஆச்சுன்னு சிஸ்டர் மணி அடிச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம். தமிழ்மொழி ஃபோன சார்ஜ் போட்டுட்டு, மருந்து வாங்கிட்டு வர்றேன்னு கீழ எறங்கிப் போயிட்டா.

ஐயாவுக்கு அது அப்ப உறைக்கல. கஞ்சிக் கிண்ணத்த வச்சிட்டு, கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாராம். அப்புறம் திடீர்னு சாச்சா பக்கம் திரும்பி, "பாய், நேத்து நான் அத ஆட்டோலதான போட்டேன்?"னு கேட்டாராம்.

"எத?"

அதுக்குள்ள மானிட்டர் சத்தம் போட ஆரம்பிச்சுச்சு.

எனக்கு வெளிய கேட்டது மொதல்ல அந்தச் சத்தம்தான். அதுக்கு மேல ஐயாவோட குரல், "ஃபோனு! ஃபோனக் குடுங்க! ஏ தாயி, ஃபோனு!" நான் எந்திரிச்சுக் கதவுக் கண்ணாடி வழியாப் பாக்குறேன், அவரு எந்திரிச்சு உக்காரப் பாக்குறாரு, ஒயரு இருக்கிற அந்தக் கால மடக்கப் பாக்குறாரு, சஜிதா சிஸ்டர் ஓடி வந்து அவரு தோளப் புடிச்சு அமுக்குறாங்க. சாகப்போறாருன்னு நெனச்சேன். நெசமாத்தான்.

"கால அசைக்காதீங்க! ஐயா! அசைக்காதீங்க!"

"அவ ஒயரத் தொடப்போறா!"

"யாரும் எதையும் தொடல. படுங்க. உங்களுக்கு மோட்டார் நெனப்பு."

பாவம், சிஸ்டர் மேல தப்பே சொல்ல முடியாது. ரெண்டு வாட்டி ஏமாத்துனவரு. நாலு நாளாத் தூக்கம் சரியில்லாம அந்த வார்டுல படுத்திருக்கிறவங்க சில பேரு சம்பந்தம் இல்லாமப் பேசுவாங்களாம், இல்லாத ஆளக் கூப்பிடுவாங்களாம். அப்படித்தான்னு நெனச்சு, டாக்டர்கிட்டக் கேட்டுத் தூங்க வைக்க ஊசி போட்டுரலாமான்னு இன்னொரு சிஸ்டர்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஐயாவுக்கு அது காதுல விழுந்துருச்சு. ஊசி போட்டா தூங்கிருவாரு. தூங்கிட்டா அஞ்சுகத்தம்மாவுக்குச் சொல்ல உலகத்துல ஒரு ஆளு இல்ல. அவரு கத்துறத நிறுத்திட்டாரு. சிஸ்டர் கையப் புடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்க வாங்க, ரொம்ப மெதுவாச் சொன்னாராம்:

"தாயி, எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. மோட்டார ஆட்டோல போட்டது நாந்தான். அது அவளுக்குத் தெரியாது. கரண்டு வந்தா தானா ஓடும். அவ கையில ஒயரு இருக்கும்."

சிஸ்டர் சாச்சாவத் திரும்பிப் பாத்தாங்க. எங்க சாச்சா, எப்பவும் வெளையாட்டாவே பேசுற மனுஷன், அன்னைக்கு ஒரு வார்த்தை வெளையாட்டாப் பேசல.

"சிஸ்டர், அல்லா மேல ஆணையா, அவரு சொல்றது உண்மை. நேத்து அமுக்குனத நானும் பாத்தேன். குடுத்துருங்க."

மணி ஒண்ணு ஆகப்போகுது.

சிஸ்டர் மொதல்ல ஆஸ்பத்திரி ஃபோன்ல தமிழ்மொழியக் கூப்பிட்டாங்க. அவ ஃபோனு எங்க பெஞ்சுக்குப் பின்னாடி ப்ளக் பாயிண்ட்ல, இன்னும் எட்டு பத்து ஃபோனோட சேர்ந்து தொங்கிக்கிட்டு அடிச்சுது. கதவு வழியா நான்தான், "அவ கீழ போயிருக்கா"ன்னு கத்துனேன். அஞ்சுகத்தம்மா நம்பர் ஐயாவுக்கு மனப்பாடம் இல்ல, அவரு ஃபோன்லதான் இருக்கு. சிஸ்டர் டிராயரத் தொறந்தாங்க.

ஆனா ஃபோன அவரு கையில குடுக்கல. "இங்க வச்சு முடியாது. நான் வெளிய எடுத்துட்டுப் போயி அமுக்குறேன். என்ன அமுக்கணும், சொல்லுங்க."

ஐயா வாயத் தொறந்தாரு. கட்டவெரலுதான் காத்துல அசைஞ்சுது.

அவருக்கு அந்தப் பட்டன் நம்பரே தெரியல! அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கடைக்காரப் பையன் சொல்லிக் குடுத்தது. அதுக்கப்புறம் நாளைக்கு அஞ்சாறு வாட்டி கட்டவெரலு தானாப் போயி அமுக்கிருக்கு. வெரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியல. "கீழ... கீழ ஒண்ணு, அப்புறம் மேல..."ன்னு திணறுறாரு, கண்ணுல தண்ணி கொட்டுது, மானிட்டர் அடிச்சுக்கிட்டே இருக்கு. பாத்துக்கிட்டிருந்த எனக்கு அங்கயே உக்காந்து அழணும் போல இருந்துச்சு.

சஜிதா சிஸ்டர் என்ன பண்ணாங்க தெரியுமா? சார்ட்டப் பின்பக்கம் திருப்பி, பேனாவால கட்டம் போட்டாங்க. மூணு மூணாப் பன்னெண்டு கட்டம், ஃபோன்ல இருக்கிற மாதிரியே. அத ஒரு அட்டையில வச்சு அவரு கட்டவெரலுக்கு அடியில கொண்டு போனாங்க.

"கண்ண மூடிக்குங்க ஐயா. டீக்கடையில உக்காந்திருக்கீங்க. ஆட்டோவ எடுக்கணும். அமுக்குங்க."

அவரு கண்ண மூடுனாரு. வெரலு கீழ இடது பக்கக் கட்டத்துக்குப் போச்சு. அப்புறம் நடுவுல வந்து நின்னுச்சு. உடனே தலைய ஆட்டுனாரு. "இல்ல. இது போடுறது. எடுக்குறது இது இல்ல."

"அவசரப்படாதீங்க. மறுபடியும்."

கீழ இடது பக்கம். அப்புறம் மேல, வலது ஓரம். மறுபடியும் கீழ இடது பக்கம். வெரலு நின்னுச்சு.

"இதான்."

"நிச்சயமா?"

"இதான் தாயி. போ."

சிஸ்டர் வெளிய ஓடி வந்தாங்க. ஆமா, ஓடித்தான் வந்தாங்க. வார்டுக்குத் தள்ளி மாடிப்படி ஜன்னலுக்கிட்டப் போயி நின்னாங்க. ஃபோன ஆன் பண்ணாங்க. அந்தப் பட்டன் ஃபோனு ரெண்டு கை சேர்ந்து குலுக்குற படத்தக் காட்டி, ஒரு பாட்டு வாசிச்சு, அப்புறம் நேரம் தேதி போடச் சொல்லுச்சு. சிஸ்டர் வாயில வந்தத நான் இங்க எழுதல. 'மோட்டார்'னு போட்டிருந்த நம்பரக் கூப்பிட்டாங்க. ஸ்டார்ட்டருக்குள்ள பேட்டரி இருக்காம், கரண்டு இல்லைன்னாலும் பேசும்.

"வணக்கம். மின்சாரம் இல்லை. மோட்டார் ஆட்டோ முறையில் உள்ளது."

எவ்வளவு நிதானமாச் சொல்லுது பாருங்க.

சிஸ்டர் அமுக்குனாங்க. ஸ்டார், மூணு, ஸ்டார்.

சிஸ்டர் ஃபோனையே முறைச்சுக்கிட்டு நின்னாங்க. அப்புறம், "ஆட்டோ முறை நீக்கப்பட்டது."

நம்பிக்கை இல்லாம இன்னொரு வாட்டி கூப்பிட்டுக் கேட்டாங்க. நீக்கப்பட்டதுதான். உடனே அஞ்சுகத்தம்மாவுக்கு அடிச்சாங்க. மணி முழுசும் அடிச்சு ஓய்ஞ்சுது. எடுக்கல. மறுபடியும். எடுக்கல. ஒண்ணேகால் ஆகிப்போச்சு. கால் மணி நேரம் முன்னாடியே போயிருந்தா? கரண்டு வந்துட்டுப் போயிருந்தா? இதெல்லாம் நாங்க வாய் தொறந்து பேசிக்கல. ஆனா சிஸ்டர் முகத்தப் பாத்தா அதேதான் ஓடிக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சுது.

அப்பத்தான் ஃபோன் தானா அடிச்சுது. 'மோட்டார்'.

"வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் நிறுத்தத்தில் உள்ளது."

மணி ஒண்ணு இருபத்திரெண்டு. ரெண்டு மணின்னு சொன்ன கரண்டு. சஜிதா சிஸ்டர் அப்படியே படிக்கட்டுல உக்காந்துட்டாங்க. வெள்ளை உடுப்பு அழுக்காகும்னு கூடப் பாக்கல.

அஞ்சுகத்தம்மா அந்த நேரத்துல என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சுன்னு அப்புறம் அதுவே சொல்லுச்சு. ஃபோன் பையில, பை மரத்துல. அந்தம்மா வரப்புல குந்தி உக்காந்துக்கிட்டு, மூணாவது ஒயரோட தோல உரிச்சுக்கிட்டிருந்திச்சாம். கத்தி வீட்டுலயே நின்னுருச்சு. எதால உரிச்சிச்சு தெரியுமா? பல்லால! எப்பவும் அப்படித்தானாம். கரண்டு வந்த நேரம் அந்த ஒயரு அந்தம்மா வாயில இருந்துச்சு.

வேலைய முடிச்சுட்டு டேப் எடுக்கப் பையத் தொறந்தா, ரெண்டு மிஸ்டு கால். ரெண்டும் புருஷன் நம்பர்ல இருந்து. ஆஸ்பத்திரியில பூட்டி வச்சிருக்கிற ஃபோன்ல இருந்து. உடனே திருப்பிக் கூப்பிட்டுச்சு. எடுத்தது சஜிதா சிஸ்டர்.

"ஹலோ, நான் ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேம்மா..."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் இருந்து வந்த அலறல் எனக்கே கேட்டுச்சு. புருஷன் ஃபோன எடுத்து ஒரு நர்ஸு பேசுனா வேற என்னன்னு நெனைக்கும்? "அய்யய்யோ, தமிழு அப்பா..."ன்னு வயலே அதிர்ற மாதிரி ஒரு சத்தம். சிஸ்டர் "அம்மா, அம்மா, இல்லம்மா, அவரு நல்லா இருக்காரு"ங்கிறாங்க, அது காதுலயே விழல. சேத்துல உக்காந்து மண்ண அள்ளி அடிச்சுக்கிச்சாம்.

சிஸ்டர் எந்திரிச்சு வந்து இதய வார்டு கதவ முழுசாத் தொறந்து, வாசல்படிக்கு இந்தப் பக்கமே நின்னு, ஸ்பீக்கரப் போட்டுக் கைய நீட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. "ஐயா, நீங்களே பேசுங்க. சத்தமாப் பேசுங்க."

"ஏ அஞ்சுகம்!"

அழுகை நின்னுச்சு.

"இருக்கியா?"ன்னுச்சு அந்தம்மா.

"நீ இருக்கியா?"

"நான் எதுக்கு இல்லாமப் போறேன்? உனக்குத்தான நெஞ்சு நின்னுச்சு?"

"ஒயரத் தொட்டியா?"

"மூணையும் முறுக்கியாச்சு. டேப்புதான் பாக்கி."

"கைய எடு. தள்ளிப் போயி நில்லு. நான் ஆட்டோல போட்டிருந்தேன்."

வார்டுல இருந்த எல்லாரும் படுத்தவாக்குல அந்த ஃபோனையே பாத்துக்கிட்டிருக்காங்க. எங்க சாச்சா வாய்க்குள்ள ஏதோ ஓதிக்கிட்டிருந்தாரு.

"ஆட்டோலயா?"

"நேத்து போட்டேன். இப்பத்தான் இந்தத் தாயி எடுத்துச்சு."

"சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? சொல்ல வாய் இல்ல? உன் மோட்டாருல கொண்டு போயி..."

அதுக்கப்புறம் அந்தம்மா திட்டுனது முழுசையும் நான் எழுத முடியாது. ஆனா ஒரு மனுஷன் திட்டு வாங்கிக்கிட்டே அவ்வளவு நிம்மதியா அழுது நான் பாத்ததே இல்ல. கடைசியில சிஸ்டர்தான், "போதும்மா, அவரு நெஞ்சு வேகமா ஓடுது, மிச்சத்த நேர்ல வந்து திட்டுங்க"ன்னு வச்சாங்க. அப்பத்தான் தமிழ்மொழி மருந்துக் கவரோட படியேறி வந்து, "என்னாச்சு, ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க?"ன்னு கேட்டா.

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பாக்குற நேரத்துக்கு அஞ்சுகத்தம்மா வந்துச்சு. காலு கழுவிட்டு வந்திருந்தாலும் சேலை ஓரமெல்லாம் சேறு. கையில ஒரு ஒயர்கூடை. ஒரு கட்டிலுக்கு ஒரு ஆளுதான், தமிழ்மொழி வெளிய நின்னுக்கிட்டா. உள்ள போயி கட்டிலோரமா நின்னுச்சு. ஐயா அந்தம்மா கைய எடுத்து, உள்ளங்கையத் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் இன்னொரு கையையும்.

"என்ன பாக்குற? பத்தும் இருக்கு."

"உன் நம்பரையும் பதிஞ்சுருவோம்"னாரு ஐயா.

"ஒண்ணும் வேணாம்."

ஒயர்கூடையில இருந்து ஒரு துணி மூட்டைய எடுத்து அவிழ்த்துச்சு. உள்ள மூணு ஃபியூஸ் கட்டை. வெள்ளைப் பீங்கான்ல, ஓரமெல்லாம் கருகிப்போயி. நாலு வயல் சேத்துல நடந்து, கொட்டாய்க்குப் போயி, மூணையும் பிடுங்கி எடுத்துக்கிட்டே பஸ் ஏறியிருக்கு. அத வரிசையாப் போர்வை மேல அவரு வயித்துக்கிட்ட வச்சுச்சு.

"இது இங்க இருக்கிற வரைக்கும் எந்தப் பொம்பள வந்து வணக்கம் சொன்னாலும் மோட்டார் ஓடாது."

"நாத்து காஞ்சுரும் புள்ள."

"காயட்டும். பக்கத்து வயக்காரங்ககிட்ட ரெண்டு நாளைக்குத் தண்ணி கேட்டிருக்கேன். நீ எந்திரிச்சு வந்ததுக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து போயி மாட்டுவோம்."

சஜிதா சிஸ்டர் ரத்த அழுத்தம் பாக்க வந்தாங்க. போர்வை மேல மூணு கட்டையப் பாத்தாங்க.

"இது என்ன?"

"ஃபியூஸ் கட்டைம்மா"ன்னுச்சு அஞ்சுகத்தம்மா.

"இதெல்லாம் உள்ள கொண்டு வரக் கூடாது."

சொல்லிட்டு சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துட்டு வந்தாங்க. மூணையும் அதுல போட்டு, மேல கட்டில் நம்பர எழுதி, டிராயர்ல அவரு ஃபோனுக்குப் பக்கத்துல வச்சுப் பூட்டுனாங்க.